படத்தில் வந்த அந்தச் சாமான் உண்மையில் என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன பொழுதுபோக்கு?

சினிமாவில் நடிகர் கையாளும் பொருளை ப்ராப் என்பார்கள். கோடம்பாக்கத்தில் ‘ப்ராப்பர்ட்டி’. விண்வெளிப் படங்களில் வரும் விநோதக் கருவிகளில் பல, பட்டறையில் புதிதாகச் செதுக்கப்பட்டவை அல்ல. கடையில் கிடைத்த ஏதோ ஒரு சாமானை எடுத்து, மேலே இரண்டு துண்டு ஒட்டி, பெயிண்ட் அடித்து, கதாநாயகன் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன, எந்தக் கம்பெனி செய்தது, எந்த மாடல் என்று தோண்டி எடுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கு. உலகம் முழுக்க இதற்கென்றே ராத்தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். நண்பர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

காசு மிச்சம் பிடிக்கத்தானே அப்படிச் செய்தார்கள்?

பாதி அதுதான். முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை 1976-ல் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்தபோது மொத்தச் செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். ஒரு முழு விண்மீன் மண்டலத்தையே காட்டவேண்டிய படத்துக்கு அது போதாது. செட் அலங்காரத்தைக் கவனித்துக்கொண்ட ரோஜர் கிறிஸ்டியன் ஒரு வழி சொன்னார்: பழைய விமானங்களின் உதிரிகளைச் சல்லிசாக வாங்கிவந்து, கழற்றி, வகைபிரித்து, செட் சுவரில் பதிப்பது. சுருக்கமாகச் சொன்னால் காயலான் கடை. அந்தக் காயலான் கடை வேலைக்கு 1978-ல் ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த கலை இயக்கத்துக்கான விருதை வாங்கிய நால்வரில் கிறிஸ்டியனும் ஒருவர்.

மீதிப் பாதிதான் எனக்குச் சுவாரசியம். ஒரு செட் தச்சரிடம் ‘எதிர்காலத்து இயந்திரம் ஒன்று செய்யுங்கள்’ என்றால், தோன்றிய இடத்தில் பொத்தான் வைப்பார், அழகாக இருக்கட்டும் என்று ஒரு கோடு போடுவார். பார்க்கிற நமக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், அது பொம்மை என்று கண் பிடித்துவிடும். ஆனால் நிஜமாகவே ஒரு வேலைக்குச் செய்த பொருளில் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு வளைவும் யாரோ ஒரு பொறியாளர் யோசித்து வைத்தது. அந்த வேலை என்னவென்று நமக்குத் தெரியாமல் மறைத்துவிட்டால் போதும், பொருள் தானாகவே வேற்றுலகத்தது ஆகிவிடும்.

சரி, ஸ்டார் வார்ஸ் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாள் எது? கேமரா சாமான் என்கிறார்களே?

ஆமாம். ஒளியே அலகாக நீளும் அந்த வாளின் பிடி, கிராஃப்லெக்ஸ் ஃப்ளாஷ் கன்னின் கைப்பிடி.

பழைய அமெரிக்கப் படங்களில் தொப்பி போட்ட பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெரிய பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேமராவின் பக்கத்தில் ஒரு பளபளப்பான குழாய் செங்குத்தாக நிற்கும். அதன் தலையில் தட்டு மாதிரி ஒரு பிரதிபலிப்பான், நடுவில் ஒருமுறை மட்டுமே எரியும் பல்பு. அந்தக் குழாய்தான் இது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த கிராஃப்லெக்ஸ் கம்பெனியின் தயாரிப்பு.

லண்டனில் கிரேட் மார்ல்பரோ தெருவில் ஒரு கேமரா கடையில், கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியில் இந்தக் கைப்பிடிகளைக் கண்டதாக கிறிஸ்டியன் பலமுறை சொல்லியிருக்கிறார். தலையில் இருந்த தட்டைக் கழற்றி எறிந்தார். கீழ்ப் பகுதியில் ‘T’ வடிவக் கறுப்புப் பட்டைகளைச் சுற்றிலும் ஒட்டினார். இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம் சேர்த்தார். நடுவில் இருந்த கவ்வியின் இடுக்கில் ஒரு பழைய கால்குலேட்டரின் திரைத் துண்டைச் செருகினார். வேலை முடிந்தது.

இதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் ருசி தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள்: வாளின் மேல்பாதியில் இருக்கும் சிவப்புப் பொத்தான், பல்பை எரியவைக்கும் விசை. நடுவில் இருக்கும் கவ்வி, கைப்பிடியைக் கேமராவோடு இறுக்கிப் பிடிக்க வந்தது. குழாய் ஏன் அந்தப் பருமன்? உள்ளே மூன்று பெரிய பேட்டரி போகவேண்டும். நம் வீட்டில் கரண்ட் போனால் தேடுகிற மூணு கட்டை டார்ச்சுக்குப் போடுவோமே, அதே ‘டி’ சைஸ். ஒரு கட்டை 33 மில்லிமீட்டர் சொச்சம் பருமன், 61 மில்லிமீட்டர் சொச்சம் நீளம். மூன்றை வரிசையாக அடுக்கினால் பதினெட்டரை சென்டிமீட்டர். அதாவது, வாளின் கைப்பிடி என் உள்ளங்கைக்குப் பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் படத்தில் ஒளிவாள் ஏந்தும் ஜெடாய் வீரர்கள் அல்ல, டார்ச் பேட்டரி.

கால்குலேட்டர் திரை என்றால்? குமிழ் குமிழாகத் தெரிகிறதே, அதுவா?

அதேதான். 1970-களில் வந்த எக்ஸாக்ட்ரா 20 என்ற கால்குலேட்டர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. அந்தக் காலத்தில் எண்களைக் காட்டிய சிவப்பு எல்.இ.டி. பேட்டரியை வெகுவாகக் குடிக்கும். அதனால் எண்களை மிகச் சிறியதாகச் செய்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் குமிழ் லென்ஸை வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார்கள். வரிசையாக இருக்கும் அந்தக் குமிழ்களை மட்டும் எடுத்துவிட்டால், அது ஒரு நகைக்கடை வேலைப்பாடு மாதிரி இருக்கும். கவ்வியின் இடுக்கில் அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

வில்லன் டார்த் வேடரின் வாளும் அதேபோல் இருக்கிறதே?

அதுவும் ஃப்ளாஷ் கன்தான், ஆனால் வேறு கம்பெனி. எம்.பி.பி. மைக்ரோஃப்ளாஷ் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பு. கதையில் வேடர் லூக்கின் அப்பா. அப்பாவுக்கு பிரிட்டிஷ், பிள்ளைக்கு அமெரிக்கன். இரண்டும் ஒரே வேலைக்குச் செய்யப்பட்டவை என்பதால் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் கவ்வியும் தலைப்பகுதியும் வேறு.

எல்லாரும் புலம்பும், லூக்கின் குரு ஓபி-வானின் வாளில் அப்படி என்ன சிக்கல்?

லூக்கின் வாள் ஒரே பொருள். அதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. ஓபி-வான் கெனோபியின் வாள் நாலைந்து பொருள்களின் கூட்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

அடியில் இருக்கும் குமிழ், ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் கம்பெனியின் தண்ணீர்க் குழாய்த் திருகு. ஆம், பாத்ரூம் சாமான் செய்யும் கம்பெனி. ஈரக் கையால் திருப்பினாலும் வழுக்காமல் இருக்க, விளிம்பு மேடும் பள்ளமுமாக வார்க்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் முனையில் இருக்கும் பூஸ்டர். நடுவில் கிராஃப்லெக்ஸ் கவ்வி. அதையடுத்து வரிவரியாக வெட்டுப்பட்ட பகுதி, முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ரைஃபிள் கிரனேட், நம்பர் 3. உச்சியில் இருக்கும் மெலிந்த கழுத்தும் விரிந்த வாயும் ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு. பேலன்ஸ் பைப் என்பார்கள்.

குழாய்த் திருகு, வெடிகுண்டு, ஜெட் எஞ்சின். இவற்றை ஒருவர் எந்த ஒரு கடையிலும் சேர்ந்தாற்போல் பார்க்க முடியாது. அதனால்தான் கண்டுபிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. பிளம்பருக்கு அடிக்குமிழ் தெரியும், ஆனால் அவர் ஸ்டார் வார்ஸ் ரசிகராக இருக்கவேண்டும். பழைய ஆயுதம் சேகரிப்பவருக்கு கிரனேட் தெரியும். விமான மியூசியத்தில் வேலை பார்த்தவருக்கு எஞ்சின் குழாய் தெரியும். இந்த மூவரும் ஒரே புகைப்படத்தைப் பார்க்க வருஷக்கணக்கில் ஆயிற்று.

ஜெட் எஞ்சின் துண்டு ஒரு படப்பிடிப்புக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் கண்டுபிடிக்கும் வித்தையின் முக்கால்வாசி இங்கே இருக்கிறது.

டெர்வென்ட், குளோஸ்டர் மீட்டியர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் எஞ்சின். மீட்டியர்கள் வேலையிலிருந்து ஓய்ந்து, உடைக்கப்பட்டு, இங்கிலாந்தின் காயலான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. படக்குழு அங்கேதான் சரக்கு எடுத்தது. எடுத்த சரக்கை ஒரே இடத்தில் பயன்படுத்தவில்லை. மாஸ் ஐஸ்லி மதுக்கடைக் காட்சியில் பாரின் பின்னால் நிற்கும் உயரமான உருளைகளைப் பாருங்கள். அவை டெர்வென்ட் எஞ்சினின் எரியறைப் பாகங்கள். அடுத்த படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கில் (1980) வரும் ஐஜி-88 என்ற கூலிப்படை ரோபோவின் தலையைப் பாருங்கள். அதே உருளை! முதல் படத்தில் சாராயம் ஊற்றியது, இரண்டாம் படத்தில் கொலைகாரனாக நிற்கிறது.

ஒரே எஞ்சின் மூன்று இடத்தில். ஒரு ப்ராப்பில் ஒரு பாகத்தை அடையாளம் கண்டுவிட்டால், அந்தப் படத்தின் மற்ற ப்ராப்களிலும் அதே சரக்கின் உறவுக்காரர்களைத் தேடவேண்டும். காயலான் கடைக்குப் போனவர் ஒரு துண்டு மட்டும் வாங்கி வரமாட்டார்.

அப்படியானால் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறதா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா?

இரண்டும். ஆனால் அதிர்ஷ்டம் வருகிறபோது அடையாளம் தெரியவேண்டுமே, அதற்குத்தான் முறை.

நான் செய்வது இது. முதலில் படம் எங்கே, எந்த வருஷம் எடுக்கப்பட்டது என்று பார்ப்பேன். எல்ஸ்ட்ரீயில் எடுத்த படத்துக்கு பிரிட்டிஷ் குழாய்த் திருகும், பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் துப்பாக்கியும் வரும். கலிஃபோர்னியாவில் எடுத்த படத்துக்கு அமெரிக்கக் கடையில் கிடைத்தது வரும். கிராஃப்லெக்ஸ் மாதிரி விதிவிலக்கு உண்டு. அமெரிக்கப் பொருள் லண்டன் கடையில் தூங்கிக்கொண்டிருந்தது. என்றாலும் தேடலை ஸ்டுடியோவிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம். படத்துக்குப் பின் சந்தைக்கு வந்த பொருளாக அது இருக்கவே முடியாது, ஆனால் ஆர்வத்தில் அந்தத் தப்பைச் செய்பவர்கள் ஏராளம்.

அடுத்தது, பெயரை மறப்பது. திரையில் தெரிவதை ‘ஒளிவாள்’, ‘ஸ்கேனர்’ என்று நினைத்துக்கொண்டே தேடினால் எங்கும் போகமுடியாது. இந்த வளைவு ஏன்? கையில் பிடிக்கவா, தண்ணீர் போகவா, சூடு வெளியேறவா? இந்தப் பள்ளத்தில் என்ன உட்கார்ந்திருக்கும்? வரிவரியாக இருந்தால் பிடிப்புக்கு அல்லது சூட்டுக்கு. இரண்டு பாதி சேரும் கோடு தெரிந்தால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். இப்படிக் கேட்கக் கேட்க, ‘இது சமையலறைச் சாமான்’ அல்லது ‘இது எஞ்சின் பாகம்’ என்று ஒரு திசை கிடைக்கும்.

மூன்றாவது, அளவு. நடிகரின் கை, ஒரு நாணயம், பெல்ட், அளவு தெரிந்த ஏதாவது ஒன்று அதே ஃபிரேமில் இருக்கவேண்டும். அப்படிக் கணக்குப் போட்டு ‘இது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர்’ என்று வந்தால், பாதிப் பொருள்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சண்டைக்காட்சிகளில் பயன்படுத்துபவை பெரும்பாலும் ரப்பரிலோ ரெசினிலோ எடுத்த அச்சுப் பிரதிகள். அச்சு எடுக்கையில் பொருள் சற்றே சுருங்கும், விளிம்புகள் மழுங்கும். எனவே அருகிலிருந்து எடுத்த காட்சியில் வரும் அசல் ப்ராப்பைத்தான் அளக்கவேண்டும்.

கடைசியாக, ‘மாதிரி இருக்கிறது’ என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு திருகு இருக்கும் இடம், வரிகளின் எண்ணிக்கை, தொழிற்சாலையில் விழுந்த ஒரு பிசிறு, அழிக்க மறந்த எழுத்து — இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகவேண்டும். உருளையான எதுவும் உருளையான எதையும் போலத்தான் இருக்கும்.

கூகுள் லென்ஸில் போட்டால் சொல்லிவிடாதா?

போட்டுப் பாருங்கள். அந்தப் படத்தின் போஸ்டரும், பொம்மையும், கொலு மாதிரி அடுக்கிவைத்திருக்கும் யாரோ ஒருவருடைய அலமாரியும் வரும். ஏனென்றால் இணையத்தில் அந்த வடிவத்தின் புகழ்பெற்ற முகம் ப்ராப்தான், அசல் பொருள் அல்ல. அசலைத் தேட பழைய விற்பனைக் கேட்டலாக், காப்புரிமை வரைபடம், ஏல விளம்பரங்கள், அந்தத் தொழிலைச் செய்தவர்கள் — இவைதான் வழி. என் அனுபவத்தில், ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கிடம் படத்தின் பெயரைச் சொல்லாமல் புகைப்படத்தை மட்டும் நீட்டினால் பத்து நிமிடத்தில் பதில் வரும். படத்தின் பெயரைச் சொன்னால் அவரும் குழம்பிப்போவார்.

செய்தவரே சொல்லிவிட்டால் பிறகு என்ன ஆராய்ச்சி?

நினைவு ஏமாற்றும், மறுபடி மறுபடி சொல்லப்படும் கதை இன்னும் ஏமாற்றும். லூக்கின் வாளில் ஒட்டிய கறுப்புப் பட்டைகளை ‘கார் வைப்பரின் ரப்பர்’ என்று வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் வில்லன் படையினரான ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பாருங்கள். அது ஸ்டெர்லிங் என்ற நிஜ பிரிட்டிஷ் துப்பாக்கி. அதன் குழலைச் சுற்றியுள்ள துளைகளை மறைத்து நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பட்டைகளும் அதே ‘T’ வடிவம். ஒரே வகைப் பட்டையை வெட்டி எடுத்து, இரண்டுக்கும் ஒட்டியிருக்கிறார்கள். கதையை விட அந்தப் பட்டையின் வெட்டுமுகம் நம்பகமான சாட்சி.

ஸ்டார் வார்ஸை விட்டால் வேறு எதுவும் இல்லையா?

ஏன் இல்லை! எனக்குப் பிடித்தது உப்புக் குடுவைக் கதை.

‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் முதலில் ஒளிபரப்பான அத்தியாயம் அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8-ல் வந்தது. மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு ஜந்துவைப் பற்றிய கதை. அதற்காக மேஜையில் வைக்கும் உப்புக் குடுவைகள் வேண்டும். விண்வெளிக் காலம் அல்லவா என்று நவநாகரிகமான, விசித்திர வடிவக் குடுவைகளாகத் தேடி வாங்கி வந்தார்கள். வந்த பிறகுதான் உறைத்தது: இதைப் பார்த்து உப்புக் குடுவை என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் சாதாரணக் குடுவையையே காட்சியில் வைத்தார்கள். விசித்திரக் குடுவைகள்? டாக்டர் மெக்காயின் அறுவைசிகிச்சைக் கருவிகள் ஆகிவிட்டன. உப்புக் குடுவையாக நடிக்கத் தெரியாதது, மருத்துவக் கருவியாக வருஷக்கணக்கில் வெளுத்து வாங்கியது.

‘பேக் டு தி ஃப்யூச்சர்’ (1985) முடிவில், டாக் பிரவுன் கார் மேல் இருக்கும் கருவியைத் திறந்து வாழைப்பழத் தோலையும் மிச்ச பீரையும் போடுவாரே, குப்பையை எரிபொருளாக்கும் அந்த மிஸ்டர் ஃப்யூஷன், க்ரப்ஸ் கம்பெனியின் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ (1984) படத்தில் பேயைக் கண்டதும் இரண்டு பக்கமும் இறக்கை விரிக்கும் பி.கே.இ. மீட்டர், அயோனா என்ற கம்பெனியின் கையடக்க மின்சார ஷூ பாலிஷ் கருவி. பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் 1963-ல் வந்த டாலெக் என்ற வில்லன் ஜந்துகளின் ஒரு கை, சிங்க் அடைப்பை எடுக்கும் ரப்பர் கப். வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். அதை மறைக்கக்கூட முயலவில்லை, அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். அறுபது வருஷமாகப் பிள்ளைகள் அதைப் பார்த்து சோபாவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். பாராட்டத்தான் வேண்டும்.

இதில் வீட்டுப் பொருள் அல்லாதவையும் உண்டா? ‘பிளேட் ரன்னர்’ துப்பாக்கி மாதிரி?

உண்டு. 1982-ல் வந்த அந்தப் படத்தின் துப்பாக்கி, ஸ்டையர் மான்லிகர் வேட்டைத் துப்பாக்கியின் நடுப்பகுதியையும் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் ஒட்டவைத்தது. 2006-ல் ஒரு மாநாட்டில் அசல் ப்ராப் காட்சிக்கு வந்தபோதுதான் பல வருஷ வாதங்கள் ஓய்ந்தன. 2009-ல் அது 2,70,000 டாலருக்கு ஏலம் போனது. ஸ்டார் வார்ஸில் வரும் ஹான் சோலோவின் துப்பாக்கியும் அடிப்படையில் ஜெர்மானிய மௌசர் சி96 பிஸ்டல்தான். மேலே ஒரு தொலைநோக்கி, முனையில் இன்னொரு துப்பாக்கியின் மூக்கு.

மாற்றாமல் அப்படியே காட்டிய பொருள் உண்டா?

உண்டு, அது வேறு ருசி. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் (1968) விண்கலத்தில் சாப்பிடும் கரண்டிகள், டென்மார்க்கின் ஆர்னே யாகப்சென் 1957-ல் வடிவமைத்தவை. ஏற்கெனவே பத்து வருஷம் பழைய சாமான்! ‘பிளேட் ரன்னர்’ நாயகன் விஸ்கி குடிக்கும் கனமான சதுரக் கண்ணாடிக் குவளை, இத்தாலியின் சினி போயெரி 1973-ல் வடிவமைத்தது. இங்கே கண்டுபிடிப்பது சுலபம், வாங்குவதுதான் கையைக் கடிக்கும்.

ஐஸ்கிரீம் மெஷினோடு ஒருவர் ஓடுவாராமே?

‘எம்பயர்’ படத்தில் மேக நகரத்தைக் காலி செய்யும் காட்சி. கூட்டத்தில் ஆரஞ்சு உடை போட்ட ஒருவர், வெள்ளையாக எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடுவார். கண் இமைத்தால் தவறவிட்டுவிடுவீர்கள். அவர் கையில் இருப்பது ஹாமில்டன் பீச் கம்பெனியின் வீட்டு ஐஸ்கிரீம் மெஷின். உலகமே எரியும்போது ஐஸ்கிரீமைக் காப்பாற்றுகிறார் மனிதர்.

இதைக் கண்டுபிடித்த ரசிகர்கள் விடவில்லை. மாநாடுகளில் ஆரஞ்சு உடை போட்டுக்கொண்டு, கையில் ஐஸ்கிரீம் மெஷினோடு கும்பலாக ஓடுகிறார்கள். 2019-ல் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் அதே பொருளுக்கு கேம்டோனோ என்று பெயர் கொடுத்து, விலை உயர்ந்த உலோகம் வைக்கும் பெட்டகமாக்கிவிட்டார்கள். ரசிகர்களின் கிண்டல் கதைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

கம்ப்யூட்டர் வரைகலை வந்தபின் இதெல்லாம் நின்றுபோயிருக்குமே?

1999-ல் வந்த ‘தி ஃபாண்டம் மெனஸ்’ வரைகலையில் மூழ்கிக் குளித்த படம். அதில் ஜெடாய்கள் பேசும் தொடர்புக் கருவி, ஜில்லெட் சென்சார் எக்ஸெல் லேடி ஷேவரின் கைப்பிடி. அதிலிருந்து அச்சு எடுத்து, பெயிண்ட் அடித்தார்கள். ஜெடாய் குரு குவை-கான் ஜின் அத்தனை கம்பீரமாக அதில் பேசுவதைப் பார்த்தபின் எனக்கு பாத்ரூம் அலமாரி பழைய மாதிரி தெரியவில்லை.

நானே ஒன்று செய்ய ஆசை. அசல் பொருளை வாங்கவேண்டுமா?

என் கருத்து: வேண்டாம், குறிப்பாக கிராஃப்லெக்ஸ். ஒருகாலத்தில் தூசி தட்டி விற்ற சாமான் இன்று ஒளிவாள் மோகத்தால் கேமரா சேகரிப்பவர்களுக்கே எட்டாத விலைக்குப் போய்விட்டது. அவர்கள் நம்மேல் கடுப்பில் இருப்பதில் நியாயம் உண்டு. அசலை வாங்கி அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது. மில்லிமீட்டர் பிசகாமல் செய்த உலோக நகல்கள் கிடைக்கின்றன. அவற்றை அறுங்கள், ஒட்டுங்கள், கீறுங்கள்.

நான் புத்தி கெட்டு அசலையே வாங்கிய கதை ஒன்று உண்டு. இணையத்தில் ஒரு விற்பனையாளர் ‘கிராஃப்லெக்ஸ் 3 செல்’ என்று போட்டிருந்தார். புகைப்படம் ஒன்றே ஒன்று, அதுவும் தலைப்பகுதி மட்டும். காசு கட்டி, சுங்க வரி கட்டி, இரண்டு மாதம் காத்திருந்து பெட்டியைப் பிரித்தால், குழாய் என் உள்ளங்கையைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு டார்ச்சிலிருந்து கட்டைகளைக் கழற்றி உள்ளே போட்டேன். ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவது கையிலேயே நின்றது. இரண்டு கட்டை மாடல்! ஸ்டார் வார்ஸில் வரும் குள்ள குரு யோடாவுக்குக் கொடுக்கலாம். அன்றிலிருந்து, அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த புகைப்படமும் அடிப்பாகத்தில் பொறித்த எழுத்தின் புகைப்படமும் இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

துப்பாக்கிப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

இந்தியாவில் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆயுதச் சட்டம், 1959 முழுத் துப்பாக்கியோடு அதன் பாகங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ‘ஸ்டார் வார்ஸுக்காக சார்’ என்று சுங்க அதிகாரியிடம் விளக்கிப் பயனில்லை. பழைய கிரனேட் அதைவிட மோசம். செயலிழந்தது என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கும் பொருள் அல்ல. ரெசினிலோ, முப்பரிமாண அச்சிலோ, லேத்தில் கடைந்தோ செய்துகொள்ளுங்கள். ஓபி-வான் வாளின் எல்லாப் பாகத்தையும் ஒரு நல்ல லேத் பட்டறை அலுமினியத்தில் கடைந்து தந்துவிடும். வரைபடம் மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

விண்கலங்களும் இப்படித்தானா?

கலங்களின் மாடல்களில் ஒட்டியவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பொம்மைக் கிட் பாகங்கள். டாங்கி, விமானம், கப்பல் கிட்டுகளை மூட்டைமூட்டையாக வாங்கி, சக்கரம், அச்சு, மூடி என்று பிய்த்து ஒட்டினார்கள். அந்தச் சின்னச் சின்ன ஒட்டுகளுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் கிரீப்ளி. ஸ்டார் வார்ஸ் கலமான மில்லேனியம் ஃபால்கனின் கிரீப்ளி ஒவ்வொன்றும் எந்த டாங்கியின் எத்தனையாம் நம்பர் பாகம் என்று தேடுவது தனி உலகம். அதற்குள் போனவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வெளியே வருவதில்லை. நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

ஒரு பொருளைப் பற்றி உங்களிடம் கேட்கவேண்டுமென்றால் என்ன அனுப்பவேண்டும்?

டிவியை செல்போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். படத்தின் பெயர், எந்தப் பதிப்பு, அந்தப் பொருள் எத்தனையாவது மணி, நிமிடம், நொடியில் தெரிகிறது — இது போதும், நானே பார்த்துக்கொள்வேன். வேறு வேறு கோணத்தில் தெரியும் இரண்டு நேரங்களைக் கொடுத்தால் இன்னும் நல்லது. விளம்பரப் புகைப்படம் அனுப்பினால், அது இடம் வலமாகத் திருப்பிப் போட்டதா என்று முதலில் நடிகரின் தலை வகிட்டையோ சட்டைப் பொத்தானையோ வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்படிப் பார்க்காமல் நான் ஒருமுறை இடதுகைக்காரருக்கான ஒரு பொருளைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன்.